வாளி விழுந்த சத்தம்

செப்டம்பர் 29, ஞாயிறு

எதிர்வீட்டு அருளப்பன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற தாசில்தார். தாலுகா முழுக்க நிலம் அளந்தவருக்கு நாலுக்கு ஆறு குளியலறையில் கால் வைக்க இடம் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவே கூடி நின்றது. நானும் நின்றேன். “என்ன சார், பார்த்துப் போகக் கூடாதா?” என்று கரிசனமாகக் கேட்டேன். ஸ்டிரெச்சரில் படுத்தபடி அவர் என்னைப் பார்த்த பார்வை அவ்வளவு நன்றாக இல்லை.

இதைப் பிரமு உடனே பெங்களூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். பிரமு என் மனைவி. எழுபத்தொரு வயது. என்னைவிட ஐந்து வயது இளையவள் என்பதை மாதம் ஒருமுறை ஞாபகப்படுத்துவாள். மகள் வடிவு அரைமணி நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

“ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. உங்கள்ல யார் ஒருத்தர் விழுந்தாலும் சரி, அன்னைக்கே வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்துருவேன். அப்புறம் பேச்சே கிடையாது.”

‘இங்க’ என்றால் பதினாலாவது மாடி. போன வருஷம் பதினெட்டு நாள் இருந்தோம். பிரமு ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் லிஃப்டில் ஏறி இறங்கிப் பொழுதைக் கழித்தேன். திரும்பி வந்து பாளையங்கோட்டை வீட்டுப் பூட்டைத் திறந்ததும் பிரமு வாசல்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நானும் மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது, தூசி காரணமாக. அதனால் விஷயத்தைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்: ஒருவர் விழுந்தால் இருவருக்கும் வீடு போய்விடும்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜயந்தி விடுமுறைக்கு வடிவு வந்தாள். பையில் அளவு டேப்.

நான் முப்பத்துமூன்று வருஷம் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவன். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்கள், தூத்துக்குடி நூற்பாலைகள் எல்லாம் என் ஜீப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கும். படிக்குக் கைப்பிடி இல்லை, எந்திரத்துக்கு மூடி இல்லை, தரையில் எண்ணெய் சிந்தியிருக்கிறது என்று நோட்டீஸ் எழுதியே விரல் காய்த்தவன். தினம் டைரி எழுதும் பழக்கமும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக் குளியலறையை மகள் ஆய்வு செய்தாள். நான் வெளியே கைகட்டி நின்றேன்.

“தரை வழுக்குது.”

“மழமழன்னு இருந்தாத்தானே அழுக்குப் பிடிக்காது.”

“பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லை.”

“குழாய் இருக்கே.”

“தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு. உள்ள விழுந்தா யாருப்பா திறப்பா? இருபது வருஷமா ஒண்ணும் நடக்கலையேன்னு மட்டும் சொல்லிராதீங்க.”

அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். என்னிடம் மாட்டிய மில் மேனேஜர் அத்தனை பேரும் சொன்ன வசனம் அது. கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டேன்.

கைப்பிடிக் கம்பி இரண்டு, ரப்பர் மேட் ஒன்று, உட்கார்ந்து குளிக்க நாற்காலி ஒன்று, தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டும், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். கடைசி இரண்டும் நடக்காது என்றேன். கதவைத் திறந்து போட்டுக்கொண்டு குளிக்க நான் என்ன குளத்து எருமையா? எண்ணெய்க் குளியலோ ஐந்து வயதிலிருந்து விட்டதில்லை. மற்றதற்கெல்லாம் பிரமுவை முன்னிட்டுச் சம்மதித்தேன். அவளுக்கு வயதாகிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

பிளம்பர் சவரிமுத்து துளை போடும் மெஷினோடு வந்தான். குழாய்க்குப் பக்கத்துச் சுவர்தான் கம்பிக்குச் சரியான இடம் என்றான். அந்தச் சுவரில்தான் மயில் இருக்கிறது. வீடு கட்டியபோது ஒன்பது டைல்ஸ் சேர்த்துப் பொருத்திய மயில். அவன் பென்சிலால் குறித்த இடம் நேராக மயிலின் கழுத்து.

“அதுல கை வைக்காதே. கதவுக்குப் பின்னால ஒண்ணு, ஜன்னல் பக்கம் ஒண்ணு போடு.”

“சார், விழுற ஆளு கதவுக்குப் பின்னால போயா விழுவாரு?”

“சொன்னதைச் செய்யி.”

“செய்யுதேன். ஆனா அங்க வச்சா ஒரே மாசத்துல துண்டு காயும். எழுதி வச்சுக்கிடுங்க.”

எழுதி வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 12, சனி

எண்ணெய்க் குளியல். கைப்பிடிக் கம்பியில் துண்டு காய்கிறது. சவரிமுத்து ஒரு மாசம் என்றான். எங்களுக்கு ஆறு நாள் போதுமாக இருந்தது.

அக்டோபர் 18, வெள்ளி

நாலு நாளாக மழை. பாதுகாப்பு ஏற்பாடுகளின் இன்றைய நிலவரம்: ஜன்னல் பக்கக் கம்பியில் பிரமுவின் உள்பாவாடைகள். கதவுக்குப் பின்னால் உள்ள கம்பியில் என் வேட்டி. குளியல் நாற்காலி முன்வராந்தாவில். பேப்பர் படிக்க அதைவிட வசதியான நாற்காலி இந்த வீட்டில் இல்லை, உட்காரும் இடத்தில் ஓட்டைகள் இருப்பதால் காற்றும் வருகிறது. ரப்பர் மேட் கிரைண்டருக்கு அடியில். மாவு அரைக்கும்போது எங்கள் கிரைண்டர் மேடையில் நடந்துபோகும். இப்போது நடப்பதில்லை. வழுக்காமல் இருக்க வேண்டியது கிரைண்டர்தான் என்று பிரமு முடிவு செய்திருக்கிறாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வடிவு வீடியோவில் வந்து, “அப்பா, அப்படியே பாத்ரூமைக் காட்டுங்க” என்றாள்.

“இரும்மா, சிக்னல் இல்லை” என்று சொல்லிப் போனைச் சோபாவில் கவிழ்த்துவைத்தேன். அடுத்த மூன்று நிமிஷம் இந்த வீட்டில் நடந்ததை எந்த மில்லிலும் நான் பார்த்ததில்லை. பிரமு பாவாடைகளை உருவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மேட்டை இழுத்ததில் கிரைண்டர் அரையடி நகர்ந்தது. எல்லாம் இடத்தில் வைத்தபிறகு போனை எடுத்துக் காட்டினேன்.

“பரவாயில்லையே. ஆமா, மேட்ல என்னப்பா வெள்ளையா?”

“சோப்பு நுரை” என்றாள் பிரமு. உளுந்தமாவு.

ஆய்வுக்கு முந்தின நாள் மில்லுக்கு வெள்ளையடிப்பார்கள். என்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்து அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. நானும் பிரமுவும் அதே சிரிப்பைச் சிரித்தோம்.

அக்டோபர் 26, சனி

எண்ணெய்க் குளியல். வாளி விழுந்தது. பெரிய சத்தம். வெளியிலிருந்து பிரமு, “என்னங்க?” என்றாள். “வாளி” என்றேன். தாழ்ப்பாளைத் திறக்க இன்று கொஞ்சம் நேரமானது. துருப்பிடித்திருக்கிறது, எண்ணெய் விட வேண்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு

இடது விலாவில் வாயுப் பிடிப்பு. மூச்சை இழுத்தால் குத்துகிறது. மொச்சைக் குழம்பின் வேலை. படுத்தே இருந்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வடிவுக்கு லீவு இல்லை. விடியற்காலையில் பிரமு எனக்கு எண்ணெய் தேய்த்தாள். இடது விலாவில் கை பட்டதும் நான் லேசாக ‘ஸ்’ என்றேன். வாயு என்றேன். அவள் கையை முதுகுக்கு மாற்றிக்கொண்டாள்.

குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பேச்சை விடவே இல்லை. மருமகன் தங்கை வீட்டு விசேஷம், அருளப்பன் வாக்கர் வைத்து நடக்கிறது, பால்காரர் தண்ணீர் கலப்பது என்று ஒன்று மாற்றி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நான் ‘உம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால், “கேக்கா?” என்று கதவைத் தட்டுகிறாள். தீபாவளியும் அதுவுமாக மனிதனை நிம்மதியாகக் குளிக்க விடவில்லை.

நவம்பர் 2, சனி

எண்ணெய்க் குளியல். நான் வெளியே வந்த கையோடு பிரமு துடைப்பமும் சீயக்காய்த் தூளுமாக உள்ளே போகிறாள். அரைமணி நேரம் தரையைத் தேய்க்கிறாள். நாற்பத்தெட்டு வருஷமாக இல்லாத சுத்தப் பைத்தியம் இப்போது பிடித்திருக்கிறது.

நவம்பர் 9, சனி

எண்ணெய்க் குளியல். குளித்துவிட்டு வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வாளி விழுந்த சத்தம். “என்ன பிரமு?” என்றேன். “வாளிதான்” என்றாள். பேப்பரின் குறுக்கெழுத்துப் போட்டியில் பாதியில் இருந்தேன்.

மதியச் சாப்பாடு ஒன்றேகால் மணிக்கு. பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிடும் மனிதன் நான். அதுவாவது போகட்டும், சாம்பாரில் உப்பு இல்லை. குறைவு என்றால்கூட மன்னிக்கலாம். சுத்தமாக இல்லை. பொரியலிலும் இல்லை. சாம்பாரைக் கரண்டியில் எடுத்து அவள் முன்னால் நீட்டி, இதை எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்தாய் என்று கேட்டேன். உப்பு விளைகிற தூத்துக்குடி ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, வேண்டுமானால் நானே போய் ஒரு மூட்டை வாங்கி வருகிறேன் என்றேன். அரிசியை மறந்துவிட்டுச் சோறு வடிக்கவும் செய்வாயா என்றேன். இன்று எனக்கு நல்ல நல்லதாகப் பேச வந்தது. பிரமு, “மறந்துட்டேன்” என்று மட்டும் சொன்னாள். வழக்கமாகப் பதிலுக்கு இரண்டு கொடுப்பாள். குற்ற உணர்ச்சி போலிருக்கிறது.

நவம்பர் 11, திங்கள்

மாடியில் துணி காயப்போடச் சொல்லி என்னை அனுப்பினாள். அவள் ஏறினால் என்னவாம் என்று கேட்டேன். “டாக்டர் உங்களைத்தான் நடக்கச் சொன்னாவ” என்கிறாள். தேங்காயையும் என்னையே துருவச் சொன்னாள். வயதானால் பெண்களுக்குச் சோம்பல் வரும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

இந்தப் புழுக்கத்தில் பிரமு முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாள். என்னுடைய பழைய சட்டை, சேலைக்கு மேல். கொசுவாம்.

நவம்பர் 16, சனி

நல்ல மாற்றம் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். ரப்பர் மேட் குளியலறைக்குத் திரும்பிவிட்டது. கிரைண்டர் மறுபடி நடக்கிறது. நாற்காலியையும் என் அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் உள்ளே போட்டுவிட்டாள். கம்பிகளில் ஒரு துணி இல்லை. பல வருஷமாக நான் சொல்லிவந்த பாதுகாப்பு விதிகள் கடைசியில் இவள் காதில் ஏறியிருக்கின்றன. பொறுமையாகச் சொன்னால் யாரையும் திருத்தலாம்.

நவம்பர் 20, புதன்

அருளப்பனைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உள்ளே மெஷின் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். மயிலின் மேல் இரண்டு துளை. கதவுக்குப் பின்னால் இருந்த கம்பியைக் கழற்றி மயிலுக்குக் குறுக்கே முடுக்கிக்கொண்டிருந்தான் சவரிமுத்து.

“யாரைக் கேட்டுடா?”

“அம்மாதான் சார் கூப்பிட்டாவ.”

பிரமு அடுக்களை வாசலில் நின்றாள். இருபது வருஷ மயில், ஒரு வார்த்தை கேட்டாயா என்று குதித்தேன். சவரிமுத்து மெஷினை எடுத்துக்கொண்டு நைசாக நழுவினான். அவன் போகும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

“உங்களுக்காகத்தான் போடச் சொன்னேன். போன மாசம் உள்ள விழுந்தியள்லா?”

“யார் விழுந்தது? வாளி விழுந்தது.”

“வாளி விழுற சத்தமும் மனுசன் விழுற சத்தமும் எனக்குத் தெரியாதாக்கும்? நீங்க தாழ்ப்பாளைத் திறக்கங்குள்ள எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு. கதவை உடைக்க யாரைக் கூப்பிடுததுன்னு தெரியாம நின்னேன். கூப்பிட்டா தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிஞ்சா வடிவுக்குத் தெரியும்.”

சரி, இனி மறைத்துப் பயனில்லை. அக்டோபர் 26 அன்று விழுந்தது வாளி மட்டும் அல்ல. எண்ணெய்க் காலோடு திரும்பியபோது தரை என்னை விட்டுப் போய்விட்டது. விலா குழாயில் இடித்தது. கொஞ்ச நேரம் தரையில் கிடந்தேன். எழுந்திருக்க முடியுமா என்று தெரியாமல் கிடந்த அந்த நேரத்தில் பயந்தேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. கை எட்டும் தூரத்தில் பிடிக்க ஒன்றுமில்லை, மயில் மட்டும் அழகாக இருந்தது.

“ஏன் அப்பவே கேட்கலை?” என்றேன்.

“நீங்க ஏன் சொல்லலை?” என்றாள்.

நவம்பர் 21, வியாழன்

காலையில் குளித்தபோது புதுக் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். கோணலாகக் குனிய வேண்டியிருந்தது. எனக்காகப் போட்ட கம்பி என் இடுப்புக்குக் கீழே இருக்கிறது. தவிரவும் உள்ளே நுழைந்தால் இடது கைக்குத்தான் எட்டுகிறது. நான் வலது கைக்காரன். பிரமுவும் வலது கைக்காரிதான்.

சவரிமுத்துவுக்குப் போன் போட்டு யார் அளவுக்குப் போட்டாய் என்று கேட்டேன். “அம்மாதான் சார் நின்னு காட்டுனாவ. இடது கையாலதான் பிடிப்பேன்னு சொன்னாவ. நீங்க இடது கைப் பழக்கம் போலன்னு நெனைச்சேன்” என்றான்.

போனை வைத்துவிட்டு இந்த டைரியை எடுத்து நவம்பர் முதல் தேதியிலிருந்து படித்தேன். ஆலைகளில் மறைத்த விபத்துகளை நான் இப்படித்தான் கண்டுபிடிப்பேன். விபத்து நடந்ததாக எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் திடீரென்று ஒரு ஆள் வேலை மாறியிருப்பான், ஒரு மூலை மட்டும் புதிதாகக் கழுவியிருக்கும். துணி காயப்போட நான். தேங்காய் துருவ நான். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை. கிரைண்டருக்கு அடியிலிருந்து மேட். ஒன்பதாம் தேதி வாளி. எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒரு நூற்பாலையில் இதைவிடப் பாதி தடயம் கிடைத்திருந்தால் சாயங்காலத்துக்குள் நோட்டீஸ் கொடுத்திருப்பேன்.

அடுக்களைக்குப் போனேன். இடது கையால் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வலது கையைக் காட்டு.”

“என்னத்துக்கு?”

“சட்டைக் கையை மடக்கு பிரமு.”

மணிக்கட்டு வீங்கி, முழங்கைவரை மஞ்சளும் கருப்புமாக இருந்தது. உட்கார இடம் தேடினேன். அவள்தான் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

“வாளின்னு சொன்னியே?”

“நீங்களும் வாளின்னுதான சொன்னிய.”

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் விழுந்தது தெரிந்ததிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் குளித்த பிறகு தரையில் இருக்கும் எண்ணெயைத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள், அடுத்த தடவை நான் போகும்போது வழுக்கக் கூடாது என்று. ஒன்பதாம் தேதி அப்படித் தேய்க்கப் போனபோதுதான் விழுந்திருக்கிறாள். என் எண்ணெயில். மேட் கிரைண்டருக்கு அடியில் இருந்தது, நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாம்லா?”

“கூப்பிட்டா ஆஸ்பத்திரிம்பிய. ஆஸ்பத்திரின்னா வடிவு வருவா. எனக்கு அந்த மாடியில போயி இருக்க முடியாதுங்க. அங்க நாம செத்தாக்கூட லிஃப்டுக்குக் காத்துக் கெடக்கணும்.” பிறகு வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னைக்கு உப்பை நான் மறக்கலை. அந்த டப்பா திருகு மூடி. ஒத்தக் கையால திருக வரலை. தொடையில இடுக்கிக்கூடப் பாத்தேன். உங்கள்ட்ட திறந்து தாங்கன்னா, ஏன்னு கேப்பிய.”

அறைக்கு வந்து ஒன்பதாம் தேதியை மறுபடி படித்தேன். ‘இன்று எனக்கு நல்ல நல்லதாகப் பேச வந்தது’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை. ஆதாரத்தை அழிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 22, வெள்ளி

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, “மணிக்கட்டுல கீறல் விட்டிருக்கும்மா. பதிமூணு நாளா என்ன பண்ணுனீங்க?” என்று கேட்டார்.

“சமைச்சேன்” என்றாள் பிரமு.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார். கூடவே என் விலாவையும் அமுக்கிப் பார்த்தார். அதற்கும் ஒரு படம் எடுத்தார்கள். பழைய கீறல் ஒன்று, தானே ஒட்டிக்கொண்டு வருகிறது. மொச்சைக் குழம்பின் மேல் நான் அபாண்டமாகப் பழி போட்டுவிட்டேன்.

நவம்பர் 23, சனி

குளியல் உண்டு, எண்ணெய் இல்லை. எழுபத்தொரு வருஷத்தில் முதல் சனி.

வேலையில் இருந்தபோது எனக்கு ஒரு விதி இருந்தது. விபத்து நடந்தது என்று தாங்களாக வந்து சொன்ன ஆலைக்கு, சரிசெய்ய அவகாசம் கொடுப்பேன். மறைத்த ஆலையைக் கோர்ட்டுக்கு இழுப்பேன். அந்தக் கணக்குப்படி நாங்கள் ஏற்கெனவே கோர்ட்டில் நிற்க வேண்டியவர்கள். காலையில் ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். அட்டையில் ‘விபத்துப் பதிவேடு’ என்று எழுதினேன். பிரமு எட்டிப் பார்த்தாள்.

“என்ன செய்யுதிய?”

“எழுதி வடிவுக்கு அனுப்பப் போறேன்.”

“கிறுக்கா பிடிச்சிருக்கு? ராத்திரி வண்டி ஏறி வந்து சாவியைக் கேப்பா.”

“கேட்டா கொடுப்போம். தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு நான் உள்ளேயும், கையை மறைச்சுக்கிட்டு நீ வெளியேயும் இருந்தா இந்த வீட்டை வச்சு என்ன செய்ய?”

இதைச் சொல்லும்போது என் குரல் நன்றாக இல்லை. அவளும் அதற்குமேல் தடுக்கவில்லை. “ஒழுங்காவாவது எழுதுங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வரிசை எண் 1. அக்டோபர் 26. காயமடைந்தவர்: கோமதிநாயகம், வயது 76. இடது விலா. காரணம்: தரையில் எண்ணெய். மறைத்த நாட்கள்: 28.

வரிசை எண் 2. நவம்பர் 9. காயமடைந்தவர்: பிரமநாயகி, வயது 71. வலது மணிக்கட்டு. காரணம்: தரையில் எண்ணெய். எண்ணெய் சிந்தியவர்: வரிசை எண் 1. மறைத்த நாட்கள்: 14.

கடைசியில் ‘நிர்வாகத்தின் கையெழுத்து’ என்று ஒரு இடம் விட்டிருந்தேன். நான் போட்டேன். பிரமு இடது கையால் கிறுக்கினாள். போனில் படம் எடுத்து அனுப்பினோம். படித்துவிட்டதற்கான இரண்டு நீலக் கோடு உடனே வந்தது. பதில் வரவில்லை. ராத்திரிவரை இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 25, திங்கள்

சவரிமுத்துவைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். மயிலின் மேல் இன்னொரு கம்பி, இது என் உயரத்துக்கு. மழமழப்புத் தரையை உடைத்துச் சொரசொரப்பான கல் போடவும் சொன்னேன். “முதல்லயே சொன்னேன்லா சார்” என்றான். இதைச் சொல்ல அவன் ஏழு வாரமாகக் காத்திருந்திருக்கிறான்.

தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஒரு வழி வேண்டும். பரணில் என் பழைய ஆபீஸ் சாமான்களைக் குடைந்ததில் ஒரு தகரப் பலகை கிடைத்தது. ‘கவனம். ஆட்கள் வேலை செய்கிறார்கள்’. உள்ளே போகிறவர் அதைக் கதவில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

நவம்பர் 30, சனி

வடிவு வந்தாள். பெரிய பெட்டி ஒன்று, காலி. அதைப் பார்த்ததும் பிரமுவின் முகம் போன போக்கை எழுத மாட்டேன்.

அவள் எங்களைத் திட்டுவாள் என்று இருவரும் தயாராக இருந்தோம். திட்டவில்லை. அம்மாவின் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு அழுதாள். “நான் சாவியை எடுப்பேன்னு சொன்னதாலதானே மறைச்சீங்க? அப்ப நான்தானே வரிசை எண் மூணு?” என்றாள். அவள் பயந்து சொன்னாள், நாங்கள் பயந்து மறைத்தோம் என்றேன்.

பிறகு குளியலறைக்குள் போனாள். தகரப் பலகையைப் படித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். கல்லில் வெறுங்காலைத் தேய்த்துப் பார்த்தாள். கம்பிகளில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். முப்பத்துமூன்று வருஷத்தில் நான்கூடத் தொங்கிப் பார்த்ததில்லை. வெளியே வந்து கூடத்தில் உட்கார்ந்தாள்.

“மூணு மாசம் பார்க்கிறேன். வழுக்குனாலும், விழப் பார்த்தாலும்கூட நோட்டுல எழுதி அன்னைக்கே அனுப்பணும். எழுதுற வரைக்கும் சாவி உங்ககிட்ட. ஒண்ணை மறைச்சாலும் நான் பெட்டியோட வருவேன்.”

“அந்தப் பெட்டி?” என்றாள் பிரமு, மெதுவாக.

“இங்கயே இருக்கட்டும். ஊறுகாய், வத்தல் கொடுத்து அனுப்பாம இருக்கப் போறீங்களா?”

நான் ஆலைகளுக்குக் கொடுத்ததும் இதே மூன்று மாசம்தான். நோட்டீஸை வாங்கும்போது அவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பயத்தில் கும்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 7, சனி

எண்ணெய்க் குளியல், பின்பக்கத் துவைகல் அருகில், வெயிலில், நாற்காலியில் உட்கார்ந்து. எண்ணெயைச் சீயக்காய் போட்டுக் கழுவிய பிறகுதான் உள்ளே அனுமதி. பலகை மாட்டினேன். பிரமு வெளியே நின்று பால்காரரைப் பற்றி ஆரம்பித்தாள். எல்லாவற்றுக்கும் ‘உம்’ கொட்டினேன்.

இரண்டு வாரமாகச் சமையல் என் பொறுப்பு. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறாள். உப்பு டப்பாவின் திருகு மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இன்று என் சாம்பார். பன்னிரண்டரைக்குச் சரியாகப் பரிமாறினேன். பிரமு இடது கையில் ஸ்பூனைப் பிடித்து ஒரு வாய் எடுத்தாள். நான் முன்பே வாயில் வைத்துப் பார்த்திருந்ததால் எனக்கு விஷயம் தெரியும். உப்பு என்று தூத்துக்குடிக் கடலே வந்து இறங்கியிருந்தது.

இந்தத் தடவை கரண்டியை அவள் என் முன்னால் நீட்டுவாள், தூத்துக்குடியை இழுப்பாள் என்று காத்திருந்தேன். நீட்டினால் வாங்கிக்கொள்வதாகவும் இருந்தேன். அவள் இன்னொரு வாய் எடுத்தாள். சோறு முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாள்.

பிறகு அந்த நீள நோட்டை இடது கையால் என் பக்கம் தள்ளினாள்.

“எழுதுங்க” என்றாள். “வரிசை எண் மூணு. மறைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.”